பதினொரு நாக்கும் ஒரு கிண்ணம் மிளகு ரசமும்

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால் ராஜ்ஜியமே நின்றுபோகிற ஊர் ஒன்று இருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அங்கே அப்படி ஒரு சம்பிரதாயம். சபையில் கட்டளை வாசிக்கும்போது ராஜா தும்மிவிட்டால் அது அபசகுனம். கட்டளை அதோடு செத்தது. ஓலையைச் சுருட்டி வைத்துவிட்டு மறுநாள்தான் மறுபடி எடுக்க வேண்டும்.

ராஜா திடகாத்திரமாக இருந்தவரை இதனால் ஒரு தொல்லையும் வரவில்லை. அந்த வருஷத்து ஐப்பசி மழையில் அவருக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்துக்கொண்டது, தொண்டை கட்டிக்கொண்டது, ஓலையைக் கண்டாலே தும்மல் வந்தது. ஒன்பது நாளாக ஒரு கட்டளையும் நிறைவேறவில்லை. கீழத்தெருவில் கிணறு வெட்ட அனுமதி கேட்டு வந்தவர்கள் மண்வெட்டியோடு அரண்மனை வாசலிலேயே சமைத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அரண்மனை வைத்தியர் வைரவநாதப் பண்டிதர் சும்மா இருக்கவில்லை. சுக்குக் கஷாயம் கொடுத்தார். திப்பிலியைத் தேனில் குழைத்துக் கொடுத்தார். தூதுவளை, துளசி, ஆடாதோடை என்று தோட்டத்தில் பச்சையாக இருந்ததையெல்லாம் பறித்துக் காய்ச்சினார். ராஜா எல்லாவற்றையும் குடித்தார். குடித்துவிட்டுத் தும்மினார்.

அந்தச் சபையில் தாண்டவராயன் என்று ஒரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அவனுக்குச் சோறு போட்டதும் அவன் வாய்தான், அவனை மாட்டிவிட்டதும் அதே வாய்தான். பத்தாம் நாள் காலை ராஜா முகம் வீங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவனுக்குப் பாவமாக இருந்தது. எழுந்து நின்றான்.

“மகாராஜா, இத்தனை மூலிகை எதற்கு? என் வீட்டில் உண்ணாமுலை ஒரு மிளகு ரசம் வைப்பாள். ஒரு கிண்ணம் உள்ளே போனால் சளி சொல்லிக்கொள்ளாமல் ஓடிவிடும். என் மனைவியின் கைமணம் அப்படிப்பட்டது!”

சபை சிரித்தது. பண்டிதர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்த ருசி அதிகாரி மாணிக்கவேலரைப் பார்த்தார். ராஜா உண்பதை முன்னால் உண்டு பார்க்கிற பதினொரு பேருக்கு இந்த மாணிக்கவேலர்தான் தலைவர். ராஜா தங்களோடு பேசுவதைவிட இந்தக் கோமாளியோடு அதிகம் பேசுகிறாரே என்று இரண்டு பேருக்கும் வெகுநாளாக வயிற்றெரிச்சல்.

மாணிக்கவேலர் எழுந்து கை கூப்பினார். “மகாராஜா, விகடகவி சபையறியச் சொன்ன வாக்கு இது. துன்பப்படும் மன்னர் முன் விளையாட்டாகச் சொல்லியிருக்க மாட்டார். அந்த அம்மையாரை வரவழைத்து ரசம் வைக்கச் சொல்வோம். பலித்தால் பரிசு கொடுங்கள். பலிக்காவிட்டால், எந்தக் கையின் மணத்தைச் சொல்லி மன்னருக்கு ஆசை காட்டினாரோ, அந்தக் கையைக் கேளுங்கள்.”

மூக்கடைத்த மனிதனிடம் நியாயம் பேச முடியுமா? ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. “நாளை உச்சிப்பொழுதுக்குள் என் சளி நீங்க வேண்டும். ஒரு கட்டளையாவது தும்மல் இல்லாமல் நிறைவேற வேண்டும். இல்லையென்றால் அவளுடைய வலக்கை மணிக்கட்டோடு போகும். எழுதுங்கள்!”

சபை எழுத்தர் அப்படியே எழுதினார், எழுந்து நின்று வாசித்தார். தாண்டவராயன் ராஜாவின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். தும்முங்கள் மகாராஜா, ஒரே ஒரு தும்மல், தெரிந்த தெய்வத்துக்கெல்லாம் தேங்காய் உடைக்கிறேன் என்று உள்ளுக்குள் கதறினான். ராஜா மூக்கைத் தடவினார். கண்ணை மூடினார். பிறகு திறந்துவிட்டார். பத்து நாளில் தும்மலில்லாமல் வாசித்து முடித்த கட்டளை அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தபோது உண்ணாமுலை அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். வலக்கையால்தான். தாண்டவராயன் வாசற்படியைத் தாண்டாமல் அந்தக் கையைப் பார்த்தபடியே நின்றான். பதினாறு வருஷமாகத் தனக்குச் சோறு பிசைந்து போட்ட கை.

“என்ன, பேய் அடிச்ச மாதிரி நிக்கிறீங்க? சபையில யாரும் சிரிக்கலியா?”

“சிரிச்சாங்க. நல்லாத்தான் சிரிச்சாங்க,” என்றான். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நடந்ததையெல்லாம் சொன்னான்.

உண்ணாமுலை அம்மியை விட்டு எழுந்தாள். பிறகு கையைக் கழுவினாள். “உங்க வாய்க்கு என் கை பொறுப்பா? நல்ல ஆளு! சரி, எழுந்திரிங்க. பயந்துக்கிட்டு உட்கார்ந்தா ராசாவுக்குச் சளி போயிருமா? என் ரசத்து மேல எனக்கு நம்பிக்கை இருக்கு.”

அரண்மனை மடைப்பள்ளிக்கு இரண்டு பேரும் போனார்கள். அவள் மிளகையும் சீரகத்தையும் தட்டினாள், பூண்டை நசுக்கினாள், புளியைக் கரைத்தாள். நெய்யில் தாளித்துக் கொட்டினதும் எழுந்த வாசனையில் மடைப்பள்ளி ஆட்கள் நாலு பேருக்கு மூக்கு திறந்துகொண்டது. தாண்டவராயனுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. அவன் ராஜாவின் உணவறைக்கு ஓடிப்போய் அங்கே காத்திருந்தான்.

காத்திருந்தான், காத்திருந்தான், வெயில் சாயும்வரை காத்திருந்தான். ஒருவழியாக ரசம் வந்தது. ராஜா கிண்ணத்தை எடுத்து மடமடவென்று குடித்தார். அவர் உடம்பு ஒரு நடுக்கம் நடுங்கியது. பிறகு ஆறு தும்மல் தும்மினார்.

“தாண்டவராயா, நாளை உச்சிவரை அந்தக் கை உன் மனைவியுடையது,” என்றார் ராஜா. பண்டிதர் அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தாண்டவராயன் மடைப்பள்ளிக்கு வந்தான். உண்ணாமுலை அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். ஆனாலும் அழவில்லை, கேள்வி கேட்டாள்.

“குடிச்சதும் மூக்குல தண்ணி வந்துச்சா?”

“இல்ல.”

“நெத்தி வேர்த்துச்சா?”

“வேர்க்கலடி. நடுங்கினாரு.”

“நடுங்கினாரா? மிளகு ரசம் குடிச்சு எவனாவது நடுங்குவானா?” அவள் திரும்பி வந்திருந்த கிண்ணத்தை எடுத்துப் பார்த்தாள். அடியில் மிச்சமிருந்த ரசத்தின்மேல் நெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. விரலை விட்டாள். “இது என்னங்க, கிணத்துத் தண்ணியாட்டம் இருக்கு?”

அப்போதுதான் தாண்டவராயனுக்கு உறைத்தது. இத்தனை வருஷம் அரண்மனையில் இருந்தும் அவன் இதை யோசித்ததில்லை. அவன் என்ன, யாருமே யோசித்ததில்லை. ராஜாவின் முப்பாட்டனாருக்கு விஷ பயம் வந்து ஒரு ருசிகாரரை வைத்தார். அவர் மகன் மூன்று பேராக்கினார். அடுத்தவர் ஏழாக்கினார். இப்போது பதினொரு பேர். மடைப்பள்ளிக்கும் உணவறைக்கும் நடுவில் இருக்கிற நடைவழியில் வரிசையாக மணை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் சுவைப்பார். அவர் சாகிறாரா என்று அரை நாழிகை பார்ப்பார்கள். சாகவில்லை என்றால் அடுத்தவர். இப்படியே பதினொரு பேரையும் தாண்டி வருவதற்குள் ஐந்தரை நாழிகை ஓடிவிடும். பண்டிதர் தம் ஓலையில் ‘சுடச்சுடப் பருகவும்’ என்று எழுதத்தான் எழுதினார். பதினொரு பேரும் அதை வாசித்துத் தலையாட்டிவிட்டு ஆற வைத்தார்கள். நாலு வயதில் பட்டத்துக்கு வந்த ராஜா. சூடான சோறு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

“அவ்வளவுதானே? திரும்பச் சுட வச்சுக் குடுத்தா ஆச்சு,” என்றாள் உண்ணாமுலை.

“கூடாது. அடுப்பிலேருந்து இறக்கினதை மறுபடி ஏத்தக் கூடாதுன்னு கல்லுலயே வெட்டி வச்சிருக்கான்.”

“அப்ப இறக்காமலே கொண்டு போவோம். கும்மட்டி அடுப்போட தூக்கிட்டுப் போவோம்.”

“ஐஞ்சரை நாழிகை அடுப்புல இருக்குமே?”

உண்ணாமுலையின் முகம் சுருங்கியது. “இருக்கக் கூடாதுங்க. ரசம் நுரை கட்டினதும் இறக்கிரணும். அத்தனை நேரம் கொதிச்சா அது ரசமில்ல, சாயத் தண்ணி.” வலக்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்த தாண்டவராயன் அவளை வாசல் பக்கம் இழுத்தான். “வாடி, ஆத்தைக் கடந்து அந்தப் பக்கம் ஓடிரலாம்” என்றான். ஆனால் படித்துறையில் மாணிக்கவேலர் முன்கூட்டியே காவல் போட்டிருந்தார். ஓடவும் வழியில்லை.

வேறு எதுவும் செய்யத் தோன்றாமல் அவன் நடைவழி வாசலுக்குப் போய் அந்தக் கல்வெட்டின் முன்னால் நின்றான். ‘மடைப்பள்ளியிலிருந்து மன்னர் உணவறைக்குச் செல்லும் பொருள் எதுவாயினும் இவ்வழியே செல்லக் கடவது. பதினொரு நாவும் சுவைக்கக் கடவது. ஒவ்வொரு நாவுக்கும் அரை நாழிகை பொறுக்கக் கடவது. அடுப்பினின்று இறக்கியதை மீண்டும் அடுப்பேற்றலாகாது.’ ஒரு தடவை படித்தான். இன்னொரு தடவை படித்தான். மூன்றாம் தடவை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தான். பிறகு மடைப்பள்ளிக்கு ஓடினான்.

“உண்ணாமுலை! ரசத்துல என்னென்ன போடுவே? ஒண்ணு விடாம சொல்லு.”

“மிளகு, சீரகம், பூண்டு, வரமிளகாய், புளி, உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய், தண்ணி. எதுக்குக் கேக்குறீங்க?”

“இதுல எது ஆறிப் போகும்?”

அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள். “மிளகு எங்கயாவது ஆறுமா? தண்ணி முன்னாடியே ஆறித்தானே கிடக்கு?”

“அது போதும்டி,” என்றான் தாண்டவராயன். நம்பிக்கை வந்தது. கூடவே பயமும் போகாமல் நின்றது. ராத்திரி இரண்டு பேரும் தூங்கவில்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் ருசிகாரர்கள் வழக்கம்போல விடிந்து எட்டு நாழிகை கழித்து மணையில் வந்து உட்கார்ந்ததுமே ஒரு தாம்பாளம் நடைவழிக்குள் நுழைந்தது. அதில் பத்துக் கிண்ணம். ஒன்றில் மிளகு, ஒன்றில் சீரகம், ஒன்றில் உரித்த பூண்டு, இப்படியே தண்ணீர்வரை. முதல் ருசிகாரர் அதைப் பார்த்து விழித்தார்.

“இது என்ன பண்டம்?”

“மன்னர் உணவறைக்குப் போகும் பொருள்கள். எதுவாயினும் சுவைக்கக் கடவது என்றல்லவா கல்வெட்டு சொல்கிறது? சுவையுங்கள்,” என்றான் தாண்டவராயன்.

அவர் மிளகை மென்றார், பச்சைப் பூண்டைக் கடித்தார், வரமிளகாயைத் தின்றார், புளியை நக்கினார். அரை நாழிகை அவர் சாகவில்லை, ஆனால் செத்தால் தேவலை என்று முகத்தில் எழுதியிருந்தது. இரண்டாமவர் கண்ணைத் துடைத்தார். ஐந்தாமவர் விக்கினார். தாண்டவராயனுக்குச் சிரிக்க நேரமில்லை. முற்றத்து நிழல் குறுகுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினோராவது ஆள் மாணிக்கவேலர். அவர் சூழ்ச்சிக்காரர். மிளகை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றையும் நிதானமாக மென்றார். எவ்வளவு நேரம் மெல்லலாம் என்று கல்வெட்டில் இல்லை. நிழல் தூணை நெருங்கியது. தாண்டவராயன் குரலைத் தேனாக்கிக்கொண்டு சொன்னான்.

“அவசரமே இல்லை, ஐயா. அப்படித்தான் மெல்ல வேண்டும். அடுத்து வரமிளகாய் இருக்கிறது. அதையும் இதே நிதானத்தோடு மென்றருள வேண்டும்.”

மாணிக்கவேலர் மிளகாயை வாயில் போட்டார். நாலு மெல்லுதான். நெற்றி சிவந்தது, காது சிவந்தது. மிச்சத்தை முழுதாக விழுங்கிவிட்டு, பூண்டு, புளி, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாம்பாளத்தின் பின்னாலேயே வந்தார்.

உணவறையில் ராஜா உட்கார்ந்திருந்தார். பண்டிதரும் சபையாரும் சுற்றி நின்றார்கள். ஓரமாக ஒரு காவலன் கையில் கத்தியோடு நின்றான். உண்ணாமுலை அவனைப் பார்க்கவே இல்லை. கனல் போட்ட கும்மட்டி அடுப்பை ராஜாவுக்கு எதிரே இறக்கி வைத்து, ஈயச் சொம்பை ஏற்றினாள்.

“நிறுத்துங்கள்!” மாணிக்கவேலர் கத்தினார். “மகாராஜா, இது சதி! இங்கே சமைக்கும் ரசத்தை எவரும் சுவைக்கவில்லை!”

“மடைப்பள்ளியிலிருந்து செல்லும் பொருளைத்தான் சுவைக்க வேண்டும், மகாராஜா,” என்றான் தாண்டவராயன். “இந்த ரசம் மடைப்பள்ளியையே பார்த்ததில்லை. அது இனிமேல்தான், தங்கள் கண் முன்னால், பிறக்கப் போகிறது. அங்கிருந்து வந்தவை பத்துப் பொருள்கள். பத்தையும் பதினொரு பேரும் சுவைத்தாயிற்று. ருசி அதிகாரியின் மூக்கே அதற்குச் சாட்சி.”

ராஜாவின் உதடு சிரிப்பில் கோணியது. மாணிக்கவேலர் விடவில்லை. “நெருப்பு? இந்தக் கனல் மடைப்பள்ளி அடுப்பிலிருந்து வந்ததுதானே? பொருள் எதுவாயினும் என்றிருக்கிறது. இதை யார் சுவைத்தார்கள்?”

தாண்டவராயன் அடுப்பைப் பார்த்தான். பிறகு குனிந்தான், இடுக்கியால் செக்கச் சிவந்த ஒரு கனலை எடுத்தான். மாணிக்கவேலரின் வாய்க்கு நேரே பணிவாக நீட்டினான்.

“என் பிழைதான், ஐயா. சுவையுங்கள். அரை நாழிகை பொறுத்திருக்கிறோம்.”

மாணிக்கவேலர் ஓரடி பின்வாங்கினார். பண்டிதர் மேல் முட்டிக்கொண்டார். ராஜா அடைத்த மூக்கோடு சங்கு ஊதுகிற மாதிரி சிரித்தார். “அதை முடித்ததும் அடுப்பையும் ஒரு கடி கடிக்கச் சொல், தாண்டவராயா!”

“நெருப்புக்கு... நெருப்புக்கு விலக்கு உண்டு, மகாராஜா,” என்று மாணிக்கவேலர் முனகினார்.

இதற்குள் உண்ணாமுலை யாரையும் கவனிக்காமல் மிளகையும் பூண்டையும் தட்டிப் போட்டு, புளியைக் கரைத்துச் சொம்பில் ஊற்றியிருந்தாள். நுரை கட்டிவிட்டது. இறக்கினாள், தாளித்தாள், கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள். ராஜா வழக்கம்போல ஒரே மூச்சில் குடிக்கப் போனார்.

“ஆ! நெருப்பு! என் வாயில் நெருப்பு வைத்துவிட்டாள்! விஷம்!”

கிண்ணம் உருண்டது. காவலன் கத்தியை உருவிக்கொண்டு உண்ணாமுலையின் வலக்கையைப் பற்றினான். தாண்டவராயனுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. வாயால் பிழைத்தவனுக்கு வாயில் ஒரு சொல் வரவில்லை. நடுவில் போய் நின்றான், அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

உண்ணாமுலைதான் பேசினாள். “விஷமில்லீங்க மகாராசா, சூடு. ஊதிக் குடிக்கணும்.”

“ஊதுவதா? எப்படி?”

சபையே திகைத்துப்போனது. முப்பது வயது ராஜாவுக்கு ஊதிக் குடிக்கத் தெரியாது. உண்ணாமுலை கையை உதறி விடுவித்துக்கொண்டு, மறுகிண்ணத்தில் ஊற்றி, உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினாள். தாண்டவராயனும் ஊதினான். சேனாபதி ஊதினார், எழுத்தர் ஊதினார், தன்னை அறியாமல் பண்டிதரும் ஊதினார். ராஜா எல்லோரையும் பார்த்து, கன்னத்தை உப்பி, ஊதினார். ஒரு வாய் உறிஞ்சினார். இன்னொரு வாய்.

மூக்கில் தண்ணீர் வந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. ராஜா கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். பத்து நாளுக்குப் பிறகு மூக்கு வழியாக இழுத்த முதல் மூச்சு.

“பெருங்காயம்,” என்றார் மெதுவாக. “இதற்கு வாசனை உண்டா? இன்னும் ஒரு கிண்ணம் ஊற்றம்மா.”

மூன்று கிண்ணம் ஆனது. உச்சிப்பொழுதுக்கு இன்னும் அரைக்கால் நாழிகை இருந்தது. எழுத்தர் கீழத்தெருக் கிணற்று ஓலையை விரித்து வாசித்தார். எல்லோரும் ராஜாவின் மூக்கையே பார்த்தார்கள். ஓலை முடிந்தது. தும்மல் வரவில்லை. வாசலில் மண்வெட்டிகள் எழுந்த சத்தம் கேட்டது.

“இப்போது எழுது. உண்ணாமுலையின் கையைப் பற்றிய கட்டளை இதனால் ரத்து செய்யப்படுகிறது,” என்றார் ராஜா. எழுத்தர் வாசிக்க ஆரம்பித்தார். பாதியில் ராஜாவின் மூக்கு விடைத்தது. கண் சுருங்கியது. வாய் திறந்தது. தாண்டவராயன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். எழுத்தர் நல்ல மனிதர், மிச்சத்தைக் குதிரை வேகத்தில் வாசித்து முடித்தார்.

ராஜாவுக்கு வந்தது ஒரு நீண்ட ஏப்பம். அதைக் கேட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், சபையும் சிரித்தது. தாண்டவராயனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். உண்ணாமுலையின் கைக்கு ஒரு ஜோடி பொன்வளையல் கொடுத்தார். ருசிகாரர்கள் இனி மளிகையை மட்டும் சுவைத்தால் போதும், சமையல் தம் கண்ணெதிரே நடக்கட்டும் என்றார். வரமிளகாயைச் சுவைக்கும் பொறுப்பு ஆயுள் முழுக்க மாணிக்கவேலருடையது என்றும் சொன்னார். அதற்கும் தும்மல் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தாண்டவராயன் தும்மினான். பத்து நாள் ராஜா பக்கத்திலேயே நின்றவனல்லவா? வீடு போய்ச் சேர்வதற்குள் மூக்கு அடைத்துவிட்டது. உண்ணாமுலை இடக்கையாலேயே அடுப்பு மூட்டி, மிளகை எடுத்துக்கொண்டு அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவனும் உட்கார்ந்தான். அரண்மனை வாசலில் பிடித்த அவளுடைய வலக்கையை அவன் இன்னும் விடவில்லை.

“கைய விடுங்க. மிளகு தட்டணும்ல?” என்றாள்.

“தட்டலாம்,” என்றான் அவன். “இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு.”